நாலு நாளாகக் குடிதண்ணீர் இல்லை, 300 வீடு: என்ன செய்யலாம்?

கருவேலங்காடு | செவ்வாய், இரவு 9:12

ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். 300 வீடு, 1,200 பேர் இருப்போம். குடிக்க, சோறாக்க எல்லாமே, பல ஊருக்கும் சேர்த்து ஒரே பெரிய குழாயில் வரும் கூட்டுக் குடிநீர்தான். போர் தண்ணீர் ஒரே உப்பு. உப்பு அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 3,400 காட்டுகிறது, மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஊருணியில் முழங்கால் அளவு பச்சைத் தண்ணீர் கிடக்கிறது. சனிக்கிழமை காலையிலிருந்து குழாயில் சொட்டு இல்லை. முதல் நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை, நாளைக்கு வரும் என்று இருந்துவிட்டோம். இன்றைக்கு என் வீட்டில் இருப்பது ஒரு குடமும் ஒரு சொம்பும். தனியார் வண்டிக்காரர் குடம் 15 ரூபாய் கேட்கிறார், போன வாரம் வரை 5 ரூபாய். யாரைப் பார்ப்பது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வால்வு | செவ்வாய், இரவு 9:40

தம்பி, மனு எழுதும் முன் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள்.

முதலாவது, பக்கத்து ஊர்களுக்குப் போன் போடுங்கள். உங்களுக்கு முந்தைய ஊரில் தண்ணீர் வருகிறதா, உங்களுக்கு அடுத்த ஊரில் வருகிறதா? எந்த ஊரோடு நிற்கிறது என்று தெரிந்தால் கோளாறு எந்த இடத்துக்குள் என்பது பாதி தெரிந்துவிடும். இரண்டாவது, தரைத் தொட்டியைத் திறந்து பாருங்கள். தொட்டிக்கே தண்ணீர் வந்து சேரவில்லையா, அல்லது வந்தது மேல்நிலைத் தொட்டிக்கு ஏறவில்லையா? வந்தே சேரவில்லை என்றால் வெளியே, பெரிய குழாயில் கோளாறு. வந்தும் ஏறவில்லை என்றால் உங்கள் ஊர் மோட்டாரோ மின்சாரமோ. அதை ஊராட்சியே ஒரே நாளில் சரி செய்யலாம். மூன்றாவது, மேலே ஏறியும் தெருவுக்கு இறங்கவில்லை என்றால் வால்வு.

நான் வேலையில் இருந்த காலத்தில் 'தண்ணி வரலை' என்ற ஒரே வரியில் நூறு புகார் வரும். 'முந்தைய ஊரில் வருகிறது, எங்கள் தரைத் தொட்டிக்கு சனிக்கிழமை 5 மணியிலிருந்து வரவில்லை' என்று யாராவது எழுதினால் அந்தப் புகாருக்குத்தான் முதலில் ஆள் அனுப்புவேன். எங்கே போய்த் தேடுவது என்று அதில்தானே இருக்கிறது.

பரமக்குடியான் | செவ்வாய், இரவு 9:58

இதெல்லாம் ஆராய்ந்து முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும் சார். பெண்கள் எல்லாரும் காலிக் குடத்தோடு காலை எட்டு மணி பஸ்ஸை மறித்து உட்காருங்கள். பத்து மணிக்கு பி.டி.ஓ. வருவார், பன்னிரண்டுக்கு லாரி வரும். எங்கள் பக்கம் எப்போதும் அப்படித்தான்.

மோட்டார் ரூம் | செவ்வாய், இரவு 10:25

நான் வேறொரு ஊரில் டேங்க் ஆபரேட்டர். மறியலைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வரும் லாரி ஒரு நாள் லாரிதான், அடுத்த நாள் திரும்பவும் உட்கார வேண்டும். எத்தனை நடை, எத்தனை நாள் என்று பேசி எழுதி வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.

இன்னொன்று. தண்ணீர் வரவில்லை என்றால் முதல் வசவு எங்களுக்குத்தான். ஆனால் வீட்டுக் குழாயில் நேராக மோட்டாரைப் போட்டு உறிஞ்சுபவர்களை ஊரில் யாரும் கேட்பதில்லை. குழாயில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது உறிஞ்சினால் கடைசித் தெருவுக்குப் போக வேண்டியது போகாது. அதோடு, எங்காவது ஓட்டை இருந்தால் வெளியே கிடக்கும் சாக்கடையும் குழாய்க்குள் வரும். உங்கள் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது?

கருவேலங்காடு | புதன், காலை 11:50

வால்வு சார் சொன்னபடி செய்தேன். நமக்கு இரண்டு ஊர் முன்னால் வரைக்கும் வருகிறது, அடுத்த ஊரிலிருந்து இல்லை. பைக்கில் குழாய்ப் பாதையோடு போய்ப் பார்த்தோம். ஏழு கிலோமீட்டரில் சாலை அகலப்படுத்தும் இடத்தில் ஜேசிபி வாளி பட்டுக் குழாய் பிளந்து கிடக்கிறது. மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாலு நாளாக அந்த இடம் மட்டும் சேறாக இருந்திருக்கிறது, கொக்கு நின்றுகொண்டிருந்தது! போட்டோ எடுத்து அனுப்பினேன், ஆள் வந்து பார்த்தார். குழாய்த் துண்டு வந்து மாட்ட இன்னும் நாலைந்து நாள் ஆகுமாம்.

ஆறு மணிக்கு ஒரு லாரி வந்தது. 12,000 லிட்டர். அதை ஏன் கேட்கிறீர்கள். கோயில் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். ஓஸை எடுத்து ஒருவர் நீட்ட, நாற்பது ஐம்பது குடம் ஒரே நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு முட்டுகிறது. குடத்துக்குள் விழுந்ததைவிட மண்ணில் விழுந்தது அதிகம். எங்கள் தெரு அப்பத்தா ஒருத்தியின் குடம் மிதிபட்டு வாய் பிளந்துவிட்டது. அதை இடுப்பில் வைத்தபடியே நின்றாள், தண்ணீர் சேலையில் ஒழுகுவது அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் டிரம் வைத்திருப்பவர்கள் டிராலியோடு வந்து டிரம்மையே நிரப்பிக்கொண்டு போனார்கள். 25 நிமிடத்தில் லாரி காலி. ஊரின் கிழக்குக் கடைசியில் காலனி, 70 வீடு. லாரி வந்ததே அவர்களுக்கு எட்டரை மணிக்குத்தான் தெரியும்.

பொன்னி | புதன், மதியம் 1:15

தம்பி, நான் புதுக்கோட்டைப் பக்கம் வார்டு உறுப்பினராக இருந்தவள். இதே கூத்தை நாங்களும் பட்டிருக்கிறோம். லாரி வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள், ஊருக்குள் சண்டை ஆரம்பிப்பதே லாரி வந்த பிறகுதான்.

முதலில் கணக்கு. குடம் 15 லிட்டர். குடிக்க, சமைக்க, முகம் கைகால் கழுவ ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் இருந்தால் நெருக்கடியில் ஓட்டிவிடலாம். நாலு பேர் வீட்டுக்கு நாலு குடம். 300 வீட்டுக்கு 1,200 குடம், அதாவது 18,000 லிட்டர். ஒரு லாரி 800 குடம்தான். ஆக, இரண்டு நடை வேண்டும். 'லாரி அனுப்புங்கள்' என்று கேட்காமல் 'தினம் இரண்டு நடை, குழாய் சரியாகும் வரை' என்று கேளுங்கள். கணக்கோடு கேட்டால் மறுத்துப் பேச இடமில்லை. வீட்டுக்கு வீடு குழாய் போடும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு 55 லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள், நீங்கள் கேட்பது அதில் கால்வாசி சொச்சம்.

அடுத்தது, ஓஸில் நேரே யாரும் பிடிக்கக் கூடாது. தெருவுக்கு ஒரு சின்டெக்ஸ் வையுங்கள், 1,000 லிட்டரோ 2,000 லிட்டரோ. கல்யாண மண்டபத்தில், பள்ளிக்கூடத்தில், சமையல்காரர் வீட்டில் கேட்டால் கிடைக்கும். லாரி அதில் ஊற்றிவிட்டுப் போகட்டும். அப்புறம் நிதானமாகக் குழாயைத் திறந்து நோட்டில் பெயர் எழுதிப் பிடிக்கலாம். குடம் மட்டும்தான், டிரம்மோ கேனோ கிடையாது. நோட்டை ஆம்பளைகளிடம் கொடுக்காதீர்கள், மகளிர் குழுப் பெண்கள் இரண்டு பேரிடம் கொடுங்கள். எந்த வீட்டில் எத்தனை தலை என்று அவர்களுக்குத்தான் தெரியும். புதிதாகப் பிள்ளை பெற்ற வீடு, படுத்த படுக்கையாக ஆள் உள்ள வீடு, தனியாக இருக்கும் கிழவி, இவர்களுக்கு இளவட்டங்கள் கொண்டுபோய் ஊற்ற வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதற்கு உங்கள் ஊரிலேயே எதிர்ப்பு வரும். லாரி காலனியிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

நடுத்தெரு | புதன், மதியம் 2:02

மற்றதெல்லாம் சரி. எதற்குக் காலனியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்? ரோட்டிலிருந்து உள்ளே வரும்போது எது முதலில் வருகிறதோ அப்படியே வரிசையாக ஊற்றிக்கொண்டு போகலாமே. எல்லாரும் மனிதர்கள்தானே, இதில் ஏன் தெருவைப் பிரிக்கிறீர்கள்?

பொன்னி | புதன், மதியம் 2:20

தெருவை நான் பிரிக்கவில்லை தம்பி, ஊர் கட்டும்போதே பிரித்தாயிற்று. கோயிலும் தொட்டியும் ரோடும் ஒரு பக்கம், காலனி மறு கோடி. லாரி முதலில் எங்கே வருகிறதோ அங்கேதான் முடியும் என்பதை இன்று காலையே பார்த்துவிட்டீர்கள். நடுத்தெருவுக்குத் தண்ணீர் தீர்ந்துபோனால் நீங்கள் நாலு பேர் லாரிக்காரனை மறித்து அடுத்த நடை வரவைப்பீர்கள். காலனியில் தீர்ந்துபோனால் யார் மறிப்பார்கள்? கடைசியில் இருப்பவரிடம் ஆரம்பித்தால் எல்லாருக்கும் வந்து சேரும். நடுவில் தீர்ந்தாலும் கேட்கத் தெரிந்தவர்கள் பக்கம் வந்துதான் தீரும்.

மோட்டார் ரூம் | புதன், மதியம் 2:41

அக்கா சொல்வதில் இன்னொன்றும் இருக்கிறது. குழாயில் அழுத்தம் குறையும்போது கடைக்கோடித் தெருவில்தான் முதலில் நிற்கும். சனிக்கிழமை உங்களுக்கு நின்றது என்றால் அங்கே வெள்ளியோ வியாழனோ நின்றிருக்கும். கேட்டுப் பாருங்கள்.

கருவேலங்காடு | புதன், இரவு 8:30

கேட்டேன். வியாழக்கிழமை சாயங்காலமே நின்றுவிட்டதாம். 'சொன்னோமே, யாரும் வரலை' என்றார்கள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் தலைப்பில் நாலு நாள் என்று போட்டிருக்கிறேன், அவர்களுக்கு இன்றோடு ஏழாவது நாள்.

நாளை முதல் இரண்டு நடை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து சின்டெக்ஸ் கிடைத்தது. கிழக்கிலிருந்து ஆரம்பிப்பது என்று முடிவு. நடுத்தெருவில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு போனார்கள், போகட்டும்.

நர்சக்கா | புதன், இரவு 9:05

லாரி எங்கே நிரப்புகிறது என்று கேட்டீர்களா? தோட்டத்துக் கிணறு என்றால் உரத்தின் நைட்ரேட் இறங்கியிருக்கலாம். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் ஆகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, அதற்கு மேல் போன தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் உடம்பு நீலம் பாரித்துவிடலாம். காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். ஜல் ஜீவனில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனை சொல்லிக் கொடுத்து ஒரு பெட்டியும் தருகிறார்கள். உங்கள் ஊரில் அது எந்த அலமாரியில் தூங்குகிறது என்று தேடுங்கள்.

டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. 150 காட்டும் தண்ணீரில் காலரா இருக்கலாம். லாரி நிரம்பும்போதே பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லுங்கள். 1,000 லிட்டருக்கு 4 கிராம், 12,000 லிட்டருக்கு 50 கிராம் வைத்துக்கொள்ளலாம். அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே உள்ள தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரமாவது கழித்துத்தான் குடிக்கலாம், லாரி வந்து சேரும் நேரமே அதற்குப் போதும். குடத்தில் பிடிக்கும்போது லேசாக மருந்து வாடை இருந்தால் நல்லது. 'வாடை அடிக்கிறது' என்று கொட்டுவார்கள், அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். மூட்டை பிரித்து மாதக்கணக்கான பவுடர் என்றால் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள்.

எங்கள் அம்மா ஊருணித் தண்ணீரைத் தேத்தாங்கொட்டை உரசித் தெளிய வைப்பார். நன்றாகத் தெளியும். ஆனால் கண்ணுக்குத் தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும், அதைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

தாமிரபரணிக்காரன் | புதன், இரவு 10:10

உங்களுக்கு வறண்ட காலத்தில் இந்தக் கதை, எங்களுக்கு வெள்ளத்தில். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நாங்கள் ஸ்ரீவைகுண்டம் பக்கம். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், குடிக்க ஒரு மடக்கு இல்லை. ஆற்றுக்குள் இருந்த நீரேற்றும் கிணறுகளே அடிபட்டுப் போயின. கரண்ட் இல்லை, ரோடு இல்லை, லாரி எங்கிருந்து வரும்? மொட்டை மாடியில் வெளுத்த வேட்டியை நாலு மூலையிலும் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, அடியில் குண்டான் வைத்து மழையைப் பிடித்தோம். அதில்தான் கஞ்சி.

வெள்ளம் வடிந்த பிறகு நாங்கள் செய்த தப்பு, குழாயில் வந்த முதல் தண்ணீரை ஆசை ஆசையாகக் குடித்தது. தெருவே வயிற்றுப்போக்கில் படுத்தது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

கருவேலங்காடு | வியாழன், மாலை 6:20

இன்றைக்கு இரண்டு நடையும் வந்தது, சண்டை இல்லை. சரி, அதாவது ஒரே ஒரு சண்டைதான், டிரம் கொண்டுவந்தவரோடு. நோட்டு வைத்திருந்த அக்கா 'உன் வீட்டுல எத்தனை தலைன்னு எனக்குத் தெரியாதா' என்று கேட்டதும் போய்விட்டார்.

ஊருக்கு மேற்கே பழைய ஊர்க்கிணறு ஒன்று இருக்கிறது, 40 அடி. கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் ஊரே அதில்தான் இறைத்தது. எங்கள் அம்மா மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு வரிசையில் நின்ற கதையைச் சொல்வார். இப்போது முள்ளும் பிளாஸ்டிக்குமாகக் கிடக்கிறது, அடியில் ஐந்தாறு அடி தண்ணீர் தெரிகிறது. நாளைக் காலை பையன்கள் இறங்கித் தூர்வாரப் போகிறார்கள். தோட்டத்து டீசல் எஞ்சினை உள்ளே திட்டில் இறக்கி வைத்து இறைத்துவிடலாம் என்று திட்டம்.

ஓய்வுபெற்ற வால்வு | வியாழன், மாலை 6:27

தம்பி, இதைப் படித்த உடனே பையன்களுக்குப் போன் பண்ணுங்கள். எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது.

ஏன் உள்ளே இறக்கத் தோன்றுகிறது என்று தெரியும். மேலே வைத்த பம்பு இருபத்தைந்து அடி ஆழத்துக்கு மேல் உறிஞ்சாது, உங்கள் கிணறு 40 அடி. ஆனால் உள்ளே ஓடும் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. கிணற்றில் அது போக வழியில்லை. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. முதலில் ஒருவன் மயங்கி விழுவான், தூக்க இறங்கும் இரண்டாமவனும் விழுவான், மூன்றாமவனும் இறங்குவான். அண்ணன் தம்பி, அப்பா மகன் என்று ஒரே குடும்பமாகப் போவது இப்படித்தான்.

பல வருஷம் மூடிக்கிடந்த கிணற்றில் எஞ்சின் இல்லாவிட்டாலும் ஆபத்துதான், குப்பை அழுகி அடியில் காற்றே இல்லாமல் இருக்கலாம். விளக்கு இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்பார்கள். கார்பன் மோனாக்சைடு விளக்கை அணைக்காது. தீயணைப்பு நிலையத்துக்கு 101 அடித்துச் சொல்லி, ஆள் வந்து பார்த்த பிறகு இறங்குங்கள். இறைக்க நீர்மூழ்கி மோட்டார் போதும், ஜெனரேட்டர் மேலேயே இருக்கட்டும். மோட்டார் ஓடும்போது தண்ணீருக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது.

கருவேலங்காடு | வியாழன், மாலை 6:51

சொல்லிவிட்டேன் சார். கயிறு கட்டி எஞ்சினைக் கிணற்று விளிம்புக்கே கொண்டுவந்துவிட்டார்கள். எனக்குக் கை நடுங்குகிறது.

சுன்னாகம்_ரதி | வெள்ளி, காலை 7:30

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு வருஷம் முழுக்க ஓடுகிற ஆறே இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே நிற்கிற கிணற்றுத் தண்ணீர்தான் எல்லாம். 2014, 2015இல் எங்கட பக்கக் கிணறுகளில் எண்ணெய் மணம் வரத் தொடங்கியது. வாளியைத் தூக்கினால் மேலே வானவில் மாதிரிப் படலம். கிணறு நிறையத் தண்ணீர், ஆனால் குடிக்க ஏலாது. பிறகு பவுசர், அதுதான் தண்ணீர் லாரி, வந்து வீதியோரத் தாங்கிகளில் ஊற்றும், கானோடு போய் நிற்போம். நான் கண்டது ஒன்று: தாங்கியை யாரும் கழுவுவதில்லை. இரண்டு வாரத்தில் அடியில் பாசி. உங்கட சின்டெக்ஸைக் கழுவ யாரையாவது பொறுப்பாக விடுங்கோ, மூடியையும் இறுக்கி மூடுங்கோ.

பரமக்குடியான் | வெள்ளி, காலை 9:14

ரதி அக்கா சொன்னது முக்கியம். போன தடவை எங்கள் ஊர் சின்டெக்ஸில் ஒரு ஓணான் செத்துக் கிடந்தது. மூன்று நாள் குடித்த பிறகுதான் தெரிந்தது.

நடுத்தெரு | வெள்ளி, காலை 10:02

ஓர் அடிபம்பு போட்டிருந்தால் இவ்வளவு பாடு வேண்டாமே?

மோட்டார் ரூம் | வெள்ளி, காலை 10:20

உப்புத் தண்ணீர் ஊரில் அடிபம்பும் உப்பைத்தான் தரும். நல்ல தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நிமிடத்துக்கு 12 லிட்டர் அடிக்கலாம். 1,200 குடம் நிரப்ப 25 மணி நேரம் ஆகும், ஒரு நாளைக்கு 24தான் இருக்கிறது.

கருவேலங்காடு | சனி, இரவு 8:45

தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுச் சரி என்ற பிறகு கிணற்றில் இறங்கினோம். 14 மூட்டை பிளாஸ்டிக், ஒரு சைக்கிள் ரிம், இரண்டு செம்பு. செம்பில் ஒன்றின் கழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறது. லாரி வந்த அன்று குடம் பிளந்துபோன அந்த அப்பத்தா, தன் மாமியாருடையது என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இறைத்துவிட்டு ஊற விட்டதில் ஆறு மணி நேரத்தில் மூன்றடி ஏறியிருக்கிறது. டிடிஎஸ் 1,100. வேறு வழி இல்லாதபோது 2,000 வரை ஆகும் என்கிறது இந்திய தரநிலை. வட்டமான கிணறு, 3 மீட்டர் அகலம். எவ்வளவு பிளீச்சிங் போட?

ஓய்வுபெற்ற வால்வு | சனி, இரவு 9:10

அகலத்தை அகலத்தால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி நாலால் வகுத்தால் கன மீட்டர். உங்கள் கிணற்றில் 1 மீட்டர் தண்ணீருக்கு 7 கன மீட்டர் சொச்சம், அதாவது 7,000 லிட்டர். தினப்படிக்கு 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம், ஆக 18 கிராம். ஆனால் தூர்வாரிய முதல் தடவை அதைப்போல் பல மடங்கு போட்டு, சுவரிலும் கரைசலை ஊற்றி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் முழுக்க இறைத்துக் கொட்டிவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். ஊறும் புதுத் தண்ணீரைச் சோதித்த பிறகு பார்க்கலாம். அதுவரை மாட்டுக்கும் பாத்திரம் கழுவவும் ஆகும். அந்த அளவுக்கு லாரித் தண்ணீர் மிச்சம்.

கருவேலங்காடு | திங்கள், காலை 5:35

தண்ணீர் வந்துவிட்டது. ராத்திரி 3:10க்குக் காலனியிலிருந்து போன் வந்தது. இந்தத் தடவை வால்வை முதலில் அந்தப் பக்கம் திறந்து வைத்திருந்தோம். ஒரு மணி நேரம் செம்மண் கரைசல் மாதிரி ஓடியது, ஓட விட்டோம். யாரையும் குடிக்க விடவில்லை. தொட்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள், மருந்து போட்டு மதியம்தான் திறப்போம். கிணற்றுக்குக் கம்பி மூடி போட 22,000 ரூபாய் என்கிறார் வெல்டர். நடுத்தெருக்காரர் 2,000 கொடுத்திருக்கிறார், அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார் என்பதால் நான் சொல்கிறேன்.

மோட்டார் ரூம் | திங்கள், காலை 5:52

வீட்டில் மோட்டார் போட்டு உறிஞ்சுவது எத்தனை என்று செவ்வாய்க்கிழமை கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

கருவேலங்காடு | திங்கள், காலை 6:04

எங்கள் வீட்டையும் சேர்த்து 41 அண்ணே. எங்கள் வீட்டு மோட்டாரை இன்றைக்குக் கழற்றுகிறேன்.